மூன்று விரல் உப்பு, ஒரு பிடி வெல்லம்



முதலில் ஒரு சின்னக் கேள்வி. உங்கள் வீட்டுச் சமையலறையில் உப்பு இருக்கிறதா? வெல்லம் இருக்கிறதா? குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா? "இது என்ன கேள்வி, எல்லார் வீட்டிலும்தான் இருக்கிறதே!" என்று சிரிப்பீர்கள்.

இந்த மூன்று பொருள்களையும் எப்படிச் சேர்ப்பது என்று கற்றுக்கொடுக்கவே ஒரு தொண்டு நிறுவனம் பத்து ஆண்டுகள் உழைத்தது. கதவு கதவாகத் தட்டி, ஒரு கோடிக்கும் அதிகமான வீடுகளில் தாய்மார்களுக்கு அந்தப் பாடத்தை நடத்தியது. அந்தப் பாடம் எண்ணற்ற குழந்தைகளின் உயிரைக் காத்தது. அந்த வேலை தந்த அனுபவத்தோடு, பள்ளிக்கூடமே பார்க்காத பிள்ளைகளுக்கு ஆயிரக்கணக்கான பள்ளிகளையும் அதே நிறுவனம் திறந்தது.

இது நம் அண்டை நாடான வங்கதேசத்தில் நடந்த கதை. வாருங்கள், பார்ப்போம்.

வாடிய செடியும் வாடிய குழந்தையும்

தொட்டிச் செடிக்கு இரண்டு நாள் தண்ணீர் ஊற்றாமல் விட்டால் என்ன ஆகும்? இலைகள் துவண்டு தொங்கும். வயிற்றுப்போக்கு வந்த சின்னக் குழந்தையும் அப்படித்தான். அதன் உடம்பிலிருந்து தண்ணீரும் உப்புச் சத்தும் மளமளவென்று வெளியேறிவிடும். கண்கள் குழி விழும். நாக்கு உலரும். அழுதால் கண்ணீர்கூட வராது. காலரா போன்ற நோயாக இருந்தால், சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து வந்துவிடும். உயிரைப் பறிப்பது பெரும்பாலும் கிருமி நேராகச் செய்யும் கெடுதல் அன்று. தண்ணீர் வற்றிப் போவதுதான்.

"அப்படியானால் நிறையத் தண்ணீர் குடிக்கக் கொடுத்தால் போதாதா?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்விதான். ஆனால், வெறும் தண்ணீர் போதாது. கடுமையான வயிற்றுப்போக்கின்போது குடல், தண்ணீரைச் சரியாக உறிஞ்சிக்கொள்வதில்லை. உடம்பு இழந்த உப்பும் வெறும் தண்ணீரில் இல்லை.

ஆனால், நம் குடலில் ஓர் அதிசயம் இருக்கிறது. குடலின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான சின்னச் சின்னக் கதவுகள் உண்டு. அவற்றுள் ஒரு வகைக் கதவு, சர்க்கரையும் உப்பும் கைகோத்து வந்தால்தான் திறக்கும். அவை இரண்டும் உள்ளே போனால், பின்னாலேயே தண்ணீரும் போய்விடும். காலரா வந்தாலும் இந்தக் கதவு கெட்டுப்போவதில்லை. எனவே உப்பு, சர்க்கரை, தண்ணீர் மூன்றையும் சரியான அளவில் கலந்து கொடுத்தால், உடம்பு இழந்த தண்ணீரை மீண்டும் பெற்றுக்கொள்ளும். எவ்வளவு எளிமை, பாருங்கள்!

மருந்து கிடைத்தது, ஆனால்...

ஒரு காலத்தில் காலரா நோயாளிக்கு நரம்பு வழியாக 'டிரிப்ஸ்' ஏற்றுவதுதான் ஒரே வழி என்று இருந்தது. அதற்கு மருத்துவமனை வேண்டும், ஊசி வேண்டும், பயிற்சி பெற்ற செவிலியர் வேண்டும். வயல்களுக்கு நடுவே இருக்கும் குக்கிராமத்துக் குழந்தைக்கு இவையெல்லாம் எங்கே கிடைக்கும்?

1968ஆம் ஆண்டில் டாக்கா நகரிலிருந்த காலரா ஆராய்ச்சிக் கூடத்தில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு இளம் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். உப்பும் சர்க்கரையும் சேர்ந்த கரைசலை நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். நரம்பு வழியாக ஏற்ற வேண்டிய திரவத்தின் தேவை, நூற்றுக்கு எண்பது பங்கு குறைந்துவிட்டது!

மூன்று ஆண்டுகள் கழித்து, 1971இல், வங்கதேச விடுதலைப் போர் நடந்தது. இலட்சக்கணக்கான மக்கள் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் அகதிகளாக வந்தார்கள். மேற்கு வங்கத்தில் எல்லையோரம் உள்ள பன்காவ் என்ற ஊரின் மருத்துவமனையில் காலரா நோயாளிகளைத் தரையில் படுக்க வைக்கக்கூட இடமில்லை. டிரிப்ஸ் பாட்டில்களும் தீர்ந்துகொண்டே வந்தன. அங்கே பணியாற்றிய டாக்டர் திலிப் மகாலனபிஸ் துணிந்து ஒரு முடிவெடுத்தார். உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலைப் பெரிய பீப்பாய்களில் தயாரித்தார். நோயாளிகளின் உறவினர்களிடமே கொடுத்து, அவர்களைக் கொண்டே குடிக்க வைத்தார். அதுவரை நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. மருத்துவப் படிப்பு இல்லாத சாதாரண மக்களாலும் இந்த மருந்தைக் கொடுக்க முடியும் என்பதை உலகம் அப்போதுதான் கண்டுகொண்டது. 2022இல் மறைந்த அவருக்கு, 2023இல் இந்திய அரசு பத்மவிபூஷண் விருது அறிவித்துப் பெருமைப்படுத்தியது.

ஆக, மருந்து கிடைத்துவிட்டது. ஆனால், மருந்து கண்டுபிடிப்பது ஒன்று. அது கடைசி வீட்டுக் குழந்தையின் வாய் வரை போய்ச் சேர்வது வேறு. அந்த இரண்டாவது வேலையைச் செய்தவர்களைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

வீட்டை விற்று வந்தவர்

ஃபஸ்லே ஹசன் ஆபேத் என்பவர் 1936இல் சில்ஹட் பகுதியில் பிறந்தவர். லண்டனில் கணக்கியல் படித்தவர். ஒரு பெரிய எண்ணெய் நிறுவனத்தின் சிட்டகாங் அலுவலகத்தில் உயர்ந்த பதவியில் இருந்தார். நல்ல சம்பளம், வசதியான வாழ்க்கை.

1970 நவம்பரில் வங்கக் கடலில் எழுந்த பயங்கரப் புயல் அந்தக் கரையோரத்தைத் துடைத்துப் போட்டது. குறைந்தது மூன்று இலட்சம் பேர் இறந்தார்கள். ஆபேத் நண்பர்களோடு நிவாரணப் பொருள்கள் எடுத்துக்கொண்டு பாதிக்கப்பட்ட தீவுகளுக்குப் போனார். அங்கே கண்ட காட்சி அவர் மனத்தை மாற்றிவிட்டது. அடுத்த ஆண்டு போர். அது முடிந்ததும், லண்டனில் தமக்கு இருந்த வீட்டை விற்றார். அந்தப் பணத்தோடு, 1972இல் வடகிழக்கு வங்கதேசத்தில் சுல்லா என்ற பகுதியில் வேலையைத் தொடங்கினார். ஊர் திரும்பிய அகதிகளுக்கு வீடு கட்டிக்கொள்ள உதவுவதுதான் முதல் வேலை. அப்படிப் பிறந்ததுதான் 'பிராக்' என்னும் தொண்டு நிறுவனம்.

தொண்டு நிறுவனம் என்றால் என்ன? ஒரு கடைக்காரர் வியாபாரம் செய்து வரும் இலாபத்தைத் தம் வீட்டுக்கு எடுத்துச் செல்வார். தொண்டு நிறுவனத்தில் யாரும் அப்படி இலாபத்தைப் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. நன்கொடையாக வரும் பணமும், அந்த நிறுவனமே சம்பாதிக்கும் பணமும் மக்கள் பணிக்குத்தான் போக வேண்டும். பிராக் நிறுவனம் உலகம் முழுவதிலிருந்தும் நன்கொடை பெற்றது. கிராமத்துப் பெண்கள் நெய்த துணிகளையும் கைவினைப் பொருள்களையும் விற்க 1978இல் 'ஆரோங்' என்ற கடையையும் தொடங்கியது.

கதவு தட்டிய ஆசிரியைகள்

1979 உலகக் குழந்தைகள் ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. அக்காலத்தில் வங்கதேசத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் இருநூறு குழந்தைகள் ஐந்தாவது பிறந்த நாளைப் பார்க்கவில்லை. அதாவது ஐந்தில் ஒரு குழந்தை! உங்கள் வகுப்பில் நாற்பது பேர் இருந்தால், எட்டு இடங்கள் காலியாக இருப்பதாக நினைத்துப் பாருங்கள். இதற்குப் பெரிய காரணங்களுள் ஒன்று வயிற்றுப்போக்கு.

கரைசல் பொட்டலங்களைத் தயாரித்து நாடு முழுவதும் கொடுக்கலாமே? அன்றைய ஏழை வங்கதேசத்தில் அத்தனை பொட்டலங்கள் இல்லை. சாலை இல்லாத ஊர்களுக்கு அவற்றைக் கொண்டு போகவும் வழியில்லை. எனவே பிராக் வேறு விதமாக யோசித்தது. 'பொட்டலத்தைக் கொடுப்பதைவிட, செய்முறையைக் கொடுத்துவிடுவோம்' என்று முடிவு செய்தது.

தராசு இல்லாத வீடு, எழுதப் படிக்கத் தெரியாத தாய். இவர்களுக்கு அளவை எப்படிச் சொல்வது? கையையே தராசாக ஆக்கினார்கள். மூன்று விரல் நுனியால் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பு. கையால் அள்ளும் ஒரு பிடி வெல்லம். அரை சேர் தண்ணீர். அதாவது, ஏறக்குறைய அரை லிட்டர். வங்காள மொழியில் இதற்கு 'லொபோன்-குர்' என்று பெயர். லொபோன் என்றால் உப்பு; குர் என்றால் வெல்லம்.

1980இல் பெண் பணியாளர்கள் குழுக் குழுவாகப் புறப்பட்டார்கள். நடந்தும் படகேறியும் ஊர் ஊராகப் போனார்கள். பெண்கள் வெளியே வருவதே அரிதாக இருந்த காலம் அது. "இந்தப் பெண்களுக்கு என்ன வேலை?" என்று சில ஊர்களில் முணுமுணுப்பு எழுந்தது. அவர்கள் அஞ்சவில்லை.

ஒவ்வொரு வீட்டிலும் திண்ணையில் உட்கார்ந்து தாயோடு பேசுவார்கள். வயிற்றுப்போக்கு ஏன் வருகிறது, ஏன் ஆபத்து, எப்போது கொடுக்க வேண்டும், எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று பத்துக் குறிப்புகளைச் சொல்லித் தருவார்கள். பிறகு, "இப்போது நீங்கள் செய்து காட்டுங்கள், அம்மா" என்பார்கள். அந்தத் தாய், தன் வீட்டு உப்பை எடுத்து, தன் வீட்டு வெல்லத்தை அள்ளி, தன் வீட்டுப் பாத்திரத்தில் தன் கையாலேயே கலக்க வேண்டும். சொல்லிக் கேட்டது மறந்துபோகும்; கையால் செய்தது மறக்காது அல்லவா?

இப்படி 1980 முதல் 1990 வரை ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கும் அதிகமான வீடுகளுக்குப் போனார்கள்.

பரீட்சை யாருக்கு?

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது.

ஒரு பணியாளர் நாள் முழுவதும் பத்து வீட்டுக்குப் போனதாகக் கணக்கு எழுதிவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்திருந்தால் யாருக்குத் தெரியும்? போன வீட்டிலும் கடகடவென்று ஒப்பித்துவிட்டு வந்திருந்தால்? இதற்கு பிராக் ஒரு வழி கண்டுபிடித்தது.

பாடம் நடத்திச் சில வாரங்கள் கழித்து, வேறொரு சோதனையாளர் அந்த ஊருக்குப் போவார். பத்து வீட்டுக்கு ஒரு வீடு என்று, முன்கூட்டியே சொல்லாமல் தேர்ந்தெடுப்பார். அந்தத் தாயிடம் பத்துக் குறிப்புகளில் எத்தனை நினைவிருக்கிறது என்று கேட்பார். கரைசலைச் செய்து காட்டச் சொல்வார். அதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போய், உப்பு சரியான அளவில் இருக்கிறதா என்று ஆய்வுக்கூடத்தில் சோதிப்பார்கள். உப்பு மிகுந்தால் குழந்தைக்குக் கெடுதல். ஆகவே இந்தச் சோதனை மிக அவசியம்.

அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் பாடம் நடத்திய பணியாளருக்குச் சம்பளம்! தாய் நன்றாகச் செய்தால் அதிகப் பணம். தாய் திணறினால் குறைந்த பணம். பரீட்சை எழுதியவர் தாய். மதிப்பெண் வாங்கியவர் ஆசிரியை!

நான் பல ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தவன். வகுப்பில் பாதிப் பேர் ஒரு கணக்கைத் தவறாகப் போட்டால், ஆரம்ப காலத்தில் பிள்ளைகள் மேல்தான் எனக்குக் கோபம் வரும். பிறகுதான் புரிந்தது. ஒருவன் தவறு செய்தால் அவன் கவனிக்கவில்லை என்று சொல்லலாம். பாதி வகுப்பு தவறு செய்தால், சொல்லிக் கொடுத்தவன்தான் சரியாகச் சொல்லவில்லை. விடைத்தாள் மாணவனுக்கு மட்டுமல்ல, ஆசிரியனுக்கும் பரீட்சைதான். எனக்கு மெல்ல மெல்லப் பிடிபட்டதை, இவர்கள் ஒரு நாடு முழுவதற்கும் விதியாகவே வைத்துவிட்டார்கள்.

தெரியும், ஆனால் செய்யவில்லை!

தாய்மார்கள் பரீட்சையில் நன்றாகவே தேறினார்கள். எல்லாரும் மகிழ்ந்துபோனார்கள். ஆனால், பிராக் அதோடு நிற்கவில்லை. இன்னொரு கேள்வியும் கேட்டது: "உங்கள் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது இந்தக் கரைசலைக் கொடுத்தீர்களா?"

பதில், தூக்கிவாரிப் போட்டது. தொடக்கத்தில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூடக் கொடுக்கவில்லை! பாடம் நினைவிருக்கிறது, செய்முறை தெரிகிறது, ஆனால், செய்யவில்லை.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? "இந்த மக்களுக்கு எவ்வளவு சொன்னாலும் புரியாது" என்று சலித்துக்கொள்வீர்களா? அவர்கள் அப்படிச் செய்யவில்லை. தவறு தங்களிடம் எங்கே இருக்கிறது என்று தேடினார்கள். இரண்டு காரணங்கள் கிடைத்தன.

முதல் காரணம், பணியாளர்களே! ஊரெல்லாம் சொல்லிக்கொடுத்த அவர்கள், தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மாத்திரையைத்தான் தேடினார்கள். உப்பும் வெல்லமும் உயிரைக் காக்கும் என்பதை அவர்கள் மனம் முழுதாக நம்பவில்லை. தான் நம்பாததை ஒருவர் சொன்னால், கேட்பவர் எப்படி நம்புவார்? எனவே அவர்களை டாக்காவிலிருந்த ஆராய்ச்சி நிலையத்துக்கு அழைத்துச் சென்று, கரைசல் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினார்கள். அதன்பின் பணியாளர்கள் பாடம் நடத்தும்போது, தாங்களும் கரைசலை ஒரு வாய் குடித்துக் காட்டினார்கள்.

இரண்டாவது காரணம், பாடம் பாதி வீட்டுக்குத்தான் போயிருந்தது. தாய்க்குச் சொன்னார்கள், தந்தைக்குச் சொல்லவில்லை. குழந்தைக்கு என்ன வைத்தியம் என்று பல வீடுகளில் முடிவு செய்தவர் தந்தைதான். அவருக்குத் தெரியாத ஒன்றை அவர் எப்படி ஒப்புக்கொள்வார்? அதனால் சந்தையிலும், பள்ளிவாசலிலும், பள்ளிக்கூடத்திலும் ஆண்களைக் கூட்டிப் பேசினார்கள். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சொன்னார்கள்.

அதன்பின் கரைசலைக் கொடுக்கும் வீடுகள் ஆண்டுக்காண்டு கூடின. இன்று வங்கதேசத்தில் வயிற்றுப்போக்கு வரும் சின்னக் குழந்தைகளில் பத்துக்கு ஏழு, எட்டுப் பேருக்கு நீரிழப்பைத் தடுக்கும் கரைசல் கிடைக்கிறது. உலகில் இதில் முன்னணியில் நிற்கும் நாடுகளுள் அதுவும் ஒன்று. 1980 வாக்கில் ஆயிரத்துக்கு இருநூறாக இருந்த குழந்தை இறப்பு, இப்போது ஏறத்தாழ முப்பதுக்கு வந்துவிட்டது.

இந்தப் பெருமை முழுவதும் ஒரே நிறுவனத்துக்குச் சேருமா? சேராது. அரசு போட்ட தடுப்பூசிகள், பெண்கள் பெற்ற கல்வி, முன்பைவிட நல்ல உணவு, பொட்டலமாகவே கடைகளில் கிடைக்கத் தொடங்கிய கரைசல் என்று பல கைகள் சேர்ந்து இழுத்த தேர் இது. ஆனால், தொடக்கத்தில் வடம் பிடித்த கைகளில், அந்த ஊர் ஊராக நடந்த பெண்களின் கைகளும் உண்டு.

ஓர் அறை, முப்பது பிள்ளைகள்

உயிர் பிழைத்த குழந்தை வளர்ந்து ஆறு வயது, எட்டு வயது ஆகிறது. அதற்குப் பள்ளிக்கூடம் வேண்டாமா? கிராமங்களில் பிராக் வேலை செய்துகொண்டிருந்தபோது பெற்றோர்கள் கேட்ட கேள்வி இது: "எங்களுக்கு என்னென்னவோ சொல்லித் தருகிறீர்களே, எங்கள் பிள்ளைகளுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?"

அந்தக் கேள்விக்கு விடையாக 1985இல் 22 பள்ளிகள் சோதனையாகத் தொடங்கப்பட்டன. பள்ளி என்றதும் பெரிய கட்டடத்தை நினைக்காதீர்கள். மூங்கில் தட்டியோ மண்சுவரோ கொண்ட ஒரே ஓர் அறை. மேலே தகரக் கூரை. தரையில் பாய். சுமார் முப்பது பிள்ளைகள், ஓர் ஆசிரியை. அவ்வளவுதான்!

ஏன் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு விடை வைத்தார்கள்.

பள்ளி தூரம் என்றார்கள். ஊருக்குள்ளேயே அறையை வாடகைக்கு எடுத்தார்கள்.

பிள்ளை காலையில் மாடு மேய்க்க வேண்டும், தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். பெற்றோரோடு பேசி, அவர்களுக்கு வசதியான நேரத்தில் நாளுக்கு இரண்டரை, மூன்று மணி நேரம் மட்டும் வகுப்பு நடத்தினார்கள். அறுவடைக் காலத்தில் விடுமுறை விட்டார்கள்.

பெண் பிள்ளையை ஆண் ஆசிரியரிடம் அனுப்பத் தயங்கினார்கள். அதே ஊரில் ஒன்பது, பத்து வகுப்புப் படித்த பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்து ஆசிரியையாக்கினார்கள். "நம் பக்கத்து வீட்டு அக்கா" பாடம் நடத்தினால் பயமென்ன? சேர்க்கும் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்றும் பார்த்துக்கொண்டார்கள்.

வீட்டில் சொல்லித்தர ஆளில்லை என்றார்கள். பாடத்தை வகுப்பிலேயே முடித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரிடம் வீட்டுப்பாடத்துக்கு உதவி கேட்டு என்ன பயன்? பாட்டு, நடனம், கதை எல்லாம் பாடத்தோடு சேர்ந்தே வந்தன. அடி கிடையாது. மாதம் ஒரு முறை பெற்றோர் கூட்டம் நடக்கும். ஆசிரியைக்கும் மாதந்தோறும் மறுபயிற்சி உண்டு. கற்றுக்கொடுப்பவரும் கற்றுக்கொண்டே இருக்க வேண்டும் அல்லவா?

ஒரே அக்கா, அதே பிள்ளைகளோடு கடைசி வகுப்பு வரை வருவார். பின்னாளில், ஐந்து ஆண்டுப் பாடத்தை நான்கே ஆண்டுகளில் முடித்துவிட்டு, பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போனார்கள். 22இல் தொடங்கிய பள்ளிகள், ஒரு கட்டத்தில் முப்பதாயிரத்தைத் தாண்டின. பிறகு அரசுப் பள்ளிகள் பெருகியதாலும், வெளிநாட்டு உதவி குறைந்ததாலும் அந்த எண்ணிக்கை சுருங்கியது. அது பெரிய குறையன்று. விடுபட்ட பிள்ளைகளைத் தேடிப் பிடித்துப் படிக்க வைப்பதுதானே அந்தப் பள்ளிகளின் வேலை!

வங்கதேசத்தில் கற்ற பாடங்களோடு இந்த நிறுவனம் 2002இல் ஆப்கானிஸ்தானுக்கும், 2006இல் உகாண்டா, தான்சானியா ஆகிய ஆப்பிரிக்க நாடுகளுக்கும் சென்றது. உதவி என்றால் பணக்கார நாட்டிலிருந்து ஏழை நாட்டுக்கு வருவது என்றுதான் நாம் நினைக்கிறோம். ஓர் ஏழை நாட்டில் பிறந்த தொண்டு நிறுவனம் இன்னோர் ஏழை நாட்டுக்கு ஆசிரியராகப் போனது புதுமை இல்லையா? ஆபேத் 2019 டிசம்பரில் தம் 83ஆம் வயதில் மறைந்தார். அவர் தொடங்கிய வேலை இன்றும் தொடர்கிறது.

நாம் கற்க வேண்டிய மூன்று கேள்விகள்

குழந்தைகளே, உங்கள் பள்ளியிலும் நாட்டு நலப்பணி, செஞ்சிலுவை, சாரணர் என்று ஏதேனும் ஒன்றில் நீங்கள் சேர்ந்திருப்பீர்கள். யாருக்காவது உதவ வேண்டும் என்ற ஆசையும் இருக்கும். அது நல்ல ஆசை. ஆனால், கொடுத்துவிட்டு வருவதோடு நம் வேலை முடிந்துவிடுவதில்லை. இந்த மூன்று கேள்விகளையும் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: அவர்களுக்கு என்ன தேவை என்று அவர்களிடமே கேட்டோமா?

இரண்டு: நாம் கொடுத்தது உண்மையிலேயே போய்ச் சேர்ந்ததா என்று திரும்பிப் போய்ப் பார்த்தோமா?

மூன்று: பயன் இல்லை என்று தெரிந்தால், அவர்களைக் குறை சொல்லாமல் நம் வழியை மாற்றிக்கொண்டோமா?

உங்கள் வகுப்புத் தோழனுக்கு ஒரு கணக்கைச் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "புரிந்ததா?" என்று கேட்டால் அவன் "ம்" என்று தலையாட்டிவிடுவான். கூச்சம்! அதற்குப் பதிலாக, "இதே மாதிரி இன்னொரு கணக்கு, நீ போட்டுக் காட்டு" என்று சொல்லிப் பாருங்கள். அவன் தவறாகப் போட்டால், வேறு விதமாகச் சொல்லிக்கொடுங்கள். இதுவும் தொண்டுதான். ஒரு வாரம் கழித்து அவனிடம் அதே கணக்கை மீண்டும் கேளுங்கள். அப்போதும் சரியாகப் போட்டால், அந்த மதிப்பெண்ணில் பாதி உங்களுடையது!

கவனம் குழந்தைகளே!

இதைப் படித்துவிட்டு நீங்களாகவே உப்பையும் வெல்லத்தையும் கலந்து யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அன்று பொட்டலம் கிடைக்காத ஊர்களுக்காகச் சொன்ன வழி அது. நம் ஊரில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மருந்துக் கடையிலும் கிடைக்கிறது. வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்தால், உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். பொட்டலத்தின் மேல் எழுதியுள்ள அளவு சுத்தமான தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். பாதிப் பாதியாகக் கலந்தால் அளவு மாறிவிடும். குழந்தை துவண்டு போனாலோ, குடிக்க முடியாமல் போனாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். சாப்பிடும் முன்பும், கழிப்பறைக்குப் போய்வந்த பின்பும் சோப்புப் போட்டுக் கை கழுவினால், வயிற்றுப்போக்கு வரும் வாய்ப்பே பெரிதும் குறையும்.

இன்று இரவு சாப்பிட உட்காரும்போது, இந்தக் கதையை உங்கள் வீட்டில் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும், உங்கள் தம்பியையோ தங்கையையோ அதே கதையைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் எவ்வளவு சொல்கிறார்களோ, அதுதான் உங்களுக்கு மதிப்பெண்!